மருதையின் கடைசி மூன்று மாதம்

விசாரணைகளில் இப்போது ஒலிப்பதிவுக் கருவி வைக்கிறார்களாம். சாட்சி தமிழில் சொல்வதும் மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொல்வதும் நாடாவில் பதிந்துவிடும். சந்தேகம் வந்தால் திருப்பிப் போட்டுக் கேட்கலாம். என் பழைய கந்தோரில் வேலை பார்க்கும் இரண்டு பேர் போன மாதம் வீட்டுக்கு வந்தபோது இதைச் சொல்லிவிட்டு, "உங்கட காலத்தில மொழிபெயர்ப்பில பிழை விட்டால் எப்பிடி ஐயா பிடிப்பினம்?" என்று கேட்டார்கள். "பிடிக்கவே மாட்டினம்" என்றேன். சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அவர்கள் போன பிறகு சிரிப்பு வரவில்லை. என் உத்தியோக காலத்தில் நான் செய்த பெரிய பிழை எந்த நாடாவிலும் பதிந்திருக்காது. அன்று நான் சொன்ன சொற்கள் எல்லாம் சரியானவை. சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி எழுதுவதென்றால் பர்மாச் சண்டையில் இறந்துபோன மருதை என்ற தோட்டத்துப் பையனைப் பற்றி எழுத வேண்டும். அவனை நான் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் அவனை நினைக்காமல் ஒரு வருஷம் கூடப் போனதில்லை.

நான் யாழ்ப்பாணத்து வடமராட்சியான். ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படித்து, பரீட்சை எழுதி, சுதந்திரம் கிடைத்ததற்கு மறு வருஷம் பதுளைக்கு மொழிபெயர்ப்பாளனாக வந்தேன். மலைநாட்டுக் குளிரும் தெரியாது, தோட்டத்து மக்களின் பேச்சும் தெரியாது. முதல் வாரத்தில் ஒரு கிழவரிடம் நான் நாலு கேள்வி கேட்டேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் பியூன் பக்கம் திரும்பி, "அந்த ஐயா என்ன பாஷை பேசுறாரு தம்பி?" என்று விசாரித்தார். கந்தோரே சிரித்தது. அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சந்தையடியில் நின்று அவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுப் பழகினேன். ஆறு மாதத்தில் காது திருந்தியது. நாக்கு கடைசிவரை முழுதாகத் திருந்தவில்லை.

பிரசாவுரிமை மனுக்கள் மலைபோலக் குவிந்திருந்த காலம் அது. இந்தியாவிலிருந்து வந்து குடியேறிய தேயிலைத் தோட்டத்து மக்கள் இந்தத் தீவில் இத்தனை வருஷம் இடைவிடாமல் குடியிருந்தோம் என்று கடதாசிகளைக் கொண்டு காட்ட வேண்டும். காட்டினால் நாட்டவர், காட்டாவிட்டால் எந்த நாட்டவரும் இல்லை. மனுவை விசாரிக்கும் அதிகாரியின் பெயரை எழுதப் போவதில்லை, அவருடைய பிள்ளைகள் எங்கேயோ இருப்பார்கள். இங்கேயே பிறந்த பறங்கியர். நாங்கள் அவரைப் பெரியவர் என்போம். காலையில் வந்ததும் மேசையைத் தன் கைக்குட்டையாலேயே துடைப்பார். மூன்று பென்சிலைச் சீவி வரிசையாக வைப்பார். சாட்சிக்கு நாற்காலி போடச் சொல்வார். அந்த நாளில் வேறெந்தக் கந்தோரிலும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு யாரும் நாற்காலி போட்டதை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு பதிலையும் தன் கையாலேயே எழுதுவார், எழுதும்போது உதடு அசையும்.

அவரிடம் நான் ஒருமுறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒருவர் தான் ஊருக்குப் போய் "ரெண்டு மூணு மாசம்" இருந்ததாகச் சொன்னார். நான் மூன்று மாதம் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். பெரியவருக்குத் தமிழ் தெரியாது; எண்கள் மட்டும் தெரியும். பென்சிலைக் கீழே வைத்தார். "அவர் இரண்டு என்ற சொல்லையும் சொன்னார். அதை நீர் எங்கே வைத்தீர்?" என்று கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நீர் இந்த அறையின் சன்னல். சன்னல் வெளிச்சத்தை விட்டால் போதும், தன் பங்குக்கு ஒன்றும் சேர்க்கவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்." அன்றைக்கு நான் எடுத்த சபதத்தை அதன்பின் மீறவேயில்லை. சபதம் என்று பெருமையாக எழுதுகிறேன். உண்மையில் அது பயம்.

மூன்று வருஷம் கழித்து வந்தது செல்லாயியின் மனு. நமுனுகுல மலைச்சரிவில் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். முப்பது வயதிருக்கும். இந்தியாவிலிருந்து கல்யாணமாகி வந்தவள் என்பதால் தன் பெயரில் கேட்க அவளுக்கு வருஷங்கள் போதவில்லை. ஆனால் அவள் புருஷன் மருதை அதே தோட்டத்து லயத்தில், தொழிலாளரின் அந்த வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவன். பிறப்புப் பத்திரம் இருந்தது, தோட்டத்துச் செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் சின்ன வயதிலிருந்தே பெயர் இருந்தது. அவனுடைய விதவை என்ற முறையில் செல்லாயியும், அவர்களுடைய மகள் பவளமும் பதிவு பெறலாம்.

மருதை கவ்வாத்துக்காரன். தேயிலைச் செடியை மட்டமாக வெட்டும் அந்த வேலையில் கெட்டிக்காரன் என்று கணக்கப்பிள்ளை எழுதிக் கொடுத்திருந்தார். சண்டைக் காலத்தில் தகப்பனின் ஊரைப் பார்க்க இந்தியாவுக்குப் போனவன், திருச்சியில் ஆள் சேர்ப்பதைக் கண்டு பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். இருபத்து மூன்று வயது. குழந்தை பிறந்து அப்போது இரண்டு மாதம்.

இங்கேதான் சட்டத்தில் ஒரு முடிச்சு இருந்தது. ஒருவன் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தொடர்ந்து தீவுக்கு வெளியே இருந்தால் அவனுடைய குடியிருப்பு அறுந்ததாகக் கணக்கு. பட்டாளக் கந்தோரிலிருந்து வந்த கடதாசியின்படி, மருதை இங்கிருந்து போன பதினோராம் மாதம் பர்மாக் காட்டில் காணாமல் போனான், அந்த நாளிலேயே இறந்ததாகக் கொள்ளப்படுகிறான். பதினொன்று பன்னிரண்டுக்குக் குறைவு. பெரியவர் காலையில் கோப்பைப் புரட்டிவிட்டு, "இது பத்து நிமிஷ வேலை. இன்றைக்கு ஒரு நல்ல காரியத்தோடு தொடங்குவோம்" என்றார்.

செல்லாயி வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். சத்தியம் செய்வித்தேன். பெயர், தோட்டம், லயத்தின் இலக்கம் எல்லாம் ஒழுங்காகச் சொன்னாள். பெரியவர் எழுதிக்கொண்டே நிமிர்ந்தவர் அவள் கழுத்தைப் பார்த்து நின்றுவிட்டார். அவருக்கும் இந்த நாட்டில் ஐம்பது வருஷ வாசம்.

"மனு செய்திருப்பவர் விதவை. கழுத்தில் இருப்பது என்ன என்று கேளும்."

கேட்டேன்.

"தாலிங்க."

"கணவர் இறந்துவிட்டார் என்று மனுவில் இருக்கிறது. பிறகு ஏன் தாலி?"

செல்லாயி கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. இப்படி ஒருவர் கேட்க மாட்டாரா என்று காத்திருந்தவள்போலச் சொன்னாள்.

"மொதக் காயிதம் வந்தப்பக் கழட்டிட்டேங்க. கருமாதி செஞ்சாங்க, வெள்ளச் சீல கட்டிட்டாங்க. நாப்பது நாளு கழிச்சு இன்னொரு காயிதம் வந்துச்சு. அது அவரு போட்டதுங்க. கணக்கப்புள்ள ஐயா தேதியப் படிச்சுப் பாத்துட்டு, செத்துட்டாருன்னு சொன்ன நாளுக்கு மூணு மாசம் பிந்தி எழுதுனதுன்னு சொன்னாரு. உசுரோட இருக்கிறவருக்குக் கருமாதி செஞ்சுட்டோமேன்னு லயமே அழுதுச்சுங்க. அன்னைக்கே மாரியம்மன் கோயிலுக்குப் போயி மஞ்சக் கயிறு கட்டிக்கிட்டேன்."

"அதற்குப் பிறகு?"

"ஒண்ணும் வரலீங்க."

"கணவர் இன்னும் உயிரோடு இருப்பதாக நம்புகிறாளா?"

"இல்லீங்க. இருந்தா வந்திருப்பாரு. சண்ட முடிஞ்சு எத்தன வருசமாச்சு. ஆனா எந்த நாள்ல போனாருன்னு யாரும் சொல்லலீங்க. நாளு தெரியாம எப்படிங்க கயித்தக் கழட்டுறது?"

சொல்லிக்கொண்டே மடியிலிருந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்துத் திறந்து, நாலாக மடித்த ஒரு கடிதத்தை மேசைமேல் வைத்தாள். மனுவோடு அது சேர்க்கப்பட்டிருக்கவில்லை. கணக்கப்பிள்ளை விவரம் தெரிந்தவர், வேண்டுமென்றேதான் விட்டிருப்பார். இவளுக்கு அது தெரியாது. விசாரணைக்குப் போனால் இருக்கிற கடதாசி எல்லாவற்றையும் காட்ட வேண்டும் என்பதுதான் தோட்டத்தில் எல்லோரும் அறிந்த பாடம். ஒன்று குறைந்ததால் மனு தள்ளுபடியான கதைகளை அவர்கள் அன்றாடம் கேட்டிருந்தார்கள். ஒன்று கூடினாலும் தள்ளுபடியாகும் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

கடிதத்தை வாசித்து மொழிபெயர்க்கச் சொன்னார் பெரியவர். வாசித்தேன். தேதி தெளிவாக இருந்தது: மருதை தீவை விட்டுப் போன பதினான்காம் மாதம். தகரக் கூரை போட்ட ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து, எழுதத் தெரிந்த பக்கத்துக் கட்டில்காரனிடம் சொல்லி எழுதுவித்திருந்தான். காலில் குண்டு பட்டு, கூட்டத்தை விட்டுப் பிரிந்து, யாரோ தூக்கிவந்து சேர்த்திருக்கிறார்கள். "ஏ புள்ள" என்று தொடங்கியது. "மழ பேஞ்சா நம்ம லயத்துல கேக்குற அதே சத்தம். கண்ண மூடிக்கிட்டா அங்கதான் படுத்திருக்கேன். பாப்பா நடக்குதா? நானும் இப்பத்தான் மறுபடி நடக்கப் பழகுறேன்." கால் ஆறியதும் திரும்பச் சண்டைக்கு அனுப்பப் போகிறார்கள் என்று முடிந்திருந்தது. இந்த வரிகளைப் பிற்காலத்தில் செல்லாயி சொல்லி மறுபடி கேட்டதால்தான் இப்படி எழுத முடிகிறது. அன்று நான் அவற்றைப் பிசகில்லாத நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். "ஏ புள்ள" என்பதை 'அன்புள்ள மனைவிக்கு' என்று பொருள்படச் சொன்னேன்.

பெரியவர் கோப்பிலிருந்து பட்டாளக் கடதாசியை எடுத்துக் கடிதத்தின் பக்கத்தில் வைத்தார். பட்டாளக் கடதாசியின்படி மருதை பதினோராம் மாதம் இறந்தவன். இந்தக் கடிதத்தின்படி பதினான்காம் மாதத்தில் உயிரோடு இருந்தவன், அதனால் குடியிருப்பு அறுந்தவன். காயத்தோடு ஒரு கட்டிலில் கிடந்து அவன் வாழ்ந்த மூன்று மாதம் அவன் மனைவிக்கும் மகளுக்கும் எதிராக மேசைமேல் கிடந்தது.

"இது அவனுடைய கையெழுத்தா?"

"அவருக்கு எழுதத் தெரியாதுங்க."

பெரியவர் பென்சிலைக் கீழே வைத்தார். கேள்வியை மனதுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்ப்பது உதட்டில் தெரிந்தது. "கடிதத்தை எழுதியது வேறொருவர். தேதி போட்டதும் வேறொருவர். இது தன் கணவர் சொல்லி எழுதியதுதான் என்று இவளால் நிச்சயமாகச் சொல்ல முடியுமா? நன்றாக யோசித்துச் சொல்லட்டும், அவசரமில்லை" என்றார். சொல்லும்போது அவர் செல்லாயியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு விளங்கியது. 'தெரியாது' என்று அவள் ஒரு சொல் சொன்னால் போதும், கடிதத்தை அவர் ஒதுக்கிவிடுவார். பதினொன்று பதினொன்றாகவே நிற்கும். அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார், நான் அவளுக்கு அந்தக் கதவைக் காட்ட வேண்டும். தமிழில் ஒரு வசனம் கூட்டிச் சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது? அவர் என்னிடம் எதிர்பார்த்ததும் அதைத்தான். நான் என்ன செய்தேன்? கேள்வியை எழுத்துப் பிசகாமல் மொழிபெயர்த்தேன். 'அவசரமில்லை' என்பதைக்கூட விடவில்லை.

செல்லாயி யோசித்தாள். கடிதத்தைப் பார்த்தாள், பெரியவர் முகத்தைப் பார்த்தாள்.

"அவரு சொன்னதுதாங்க. பேச்சு அவரு பேச்சுங்க" என்றாள்.

அதையும் பிசகாமல் மொழிபெயர்த்தேன். பெரியவர் பென்சிலை எடுத்து எழுதினார். முறைப்படி வாக்குமூலம் முழுவதையும் அவளுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். திருத்தம் உண்டா என்று கேட்பதும் முறைதான், கேட்டேன். இல்லை என்றாள். கைநாட்டு வைத்தாள். கடிதத்துக்கு இலக்கமிட்டு, முத்திரை குத்தி, கோப்பில் சேர்த்தோம். விசாரணை முடிந்ததும் திருப்பித் தருவோம் என்று சொல்லி அனுப்பினேன். வெறும் டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டு போனாள்.

அன்று மாலை வாசலில் நின்றபோது பெரியவர், "நீர் மிகவும் துல்லியமான ஆள்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். நான் அன்று அதைப் பாராட்டு என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அவர் சும்மா இருக்கவில்லை. அரசருக்காகச் சண்டைக்குப் போன காலத்தைக் குடியிருப்பாகக் கொள்ள வழியுண்டா என்று மேலிடத்துக்கு எழுதினார். சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை என்று பதில் வந்தது. மனு தள்ளுபடி. தள்ளுபடிக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவனும் நான்தான். தமிழில் அதன் கருத்தை எழுதி இணைத்தவனும் நான்தான்.

மேல்முறையீட்டுக்குத் தவணை இருந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை பொறுத்துப் பார்த்தேன், மூன்றாம் ஞாயிறு பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போனேன். உத்தியோகத்தன் மனுக்காரர் வீட்டுக்குப் போகக் கூடாது. போனேன். செல்லாயி லயத்து வாசலில் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளை என்னைக் கண்டதும் பின்னல் பாதியில் எழுந்து உள்ளே ஓடிவிட்டாள். எனக்கு ஒரு பலகையைத் துடைத்துப் போட்டாள் செல்லாயி.

"அம்மா, அண்டைக்கு அந்தக் கடைசிக் கேள்வி என்னத்துக்குக் கேட்டவர் எண்டு உங்களுக்கு விளங்கினதோ?"

"வெளங்குச்சுங்க."

நான் எதிர்பார்க்கவில்லை. "அப்ப ஏன் அப்பிடிச் சொன்னீங்கள்?"

"பெரிய தொர நல்லவருங்க. மொகத்தப் பாத்தாத் தெரியாதா? தெரியாதுன்னு சொல்லிடு புள்ளன்னு கெஞ்சுற மாதிரில்ல பாத்தாரு." கீழே பார்த்தபடி சீப்பில் சுற்றியிருந்த முடியை எடுத்துக்கொண்டிருந்தாள். "சொல்லியிருக்கலாம். பவளத்த நெனச்சேன். வாய் வரைக்கும் வந்துச்சுங்க. ஆனா அந்தக் கட்டில்ல படுத்துக்கிட்டு எங்கள நெனச்சாருல்ல ஐயா? அது அவரு இல்லன்னு நான் எப்படிச் சொல்றது? முன்னாடியே ஒரு தடவ கருமாதி செஞ்சவதானே நானு."

மேல்முறையீடு செய்யலாம், இப்போதும் மாற்றிச் சொல்லலாம், மனுவை நானே எழுதித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். நான் அன்று ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லியிருந்தால் என்று தொடங்கியதும் என்னை முடிக்க விடவில்லை. "நீங்க சொல்லியிருந்தாலும் அதத்தாங்க சொல்லியிருப்பேன். நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க." அது உண்மையா, வீடு தேடி வந்தவனின் மனம் நோகக் கூடாது என்று சொன்னதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தேநீர் கொடுத்தாள். நான் எழும்போது அவள் கேட்டது ஒன்றுதான்: "அந்தக் காயிதம் எப்பங்க கெடைக்கும்?"

கிடைக்கவில்லை. கோப்பு மேலிடத்துக்குப் போயிருந்தது. திரும்பி வந்தபோது உள்ளே எல்லாக் கடதாசியும் இருந்தது, கடிதம் மட்டும் இல்லை. எந்த மேசையில் கழன்று விழுந்ததோ. எழுதிக் கேட்டேன், நினைவூட்டி எழுதினேன், கொழும்புக்குப் போன இரண்டு தடவை நேரிலும் போய்த் தேடினேன். செல்லாயி வருஷத்துக்கு இரண்டு தடவை, பதுளைக்குச் சாமான் வாங்க வரும்போது, கந்தோர்ப் படியேறி வந்து கேட்பாள். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. கோபித்துப் பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். பெரியவர் இதற்கிடையில் ஓய்வு பெற்று ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் அவள் வந்தது கடிதத்தைக் கேட்க மட்டுமில்லை. இந்தியாவில் முசிறிப் பக்கத்தில் இருக்கும் அவள் அண்ணன் தன் மகனுக்குப் பவளத்தைக் கேட்டிருந்தார். நாடற்றவளாக லயத்தில் இருந்து என்ன செய்யப் போகிறாள், தாயும் மகளும் போய்விடுவதாக முடிவு. பவளத்துக்குப் பதினெட்டு வயது. தகப்பனின் பேச்சு என்று அந்தப் பிள்ளைக்குக் கொடுக்க ஒன்றுமே இல்லை என்றாள் செல்லாயி. அடுத்த வாரம் பயணச் சீட்டு வாங்க மறுபடி பதுளைக்கு வருவதாகவும் சொன்னாள்.

கோப்பில் என்னுடைய ஆங்கில மொழிபெயர்ப்பின் கார்பன் பிரதி இருந்தது. அந்த ஒரு வாரமும் மாலையில் உட்கார்ந்து அதைத் திருப்பித் தமிழில் எழுதினேன். நல்ல கடதாசியில், அடித்தல் திருத்தல் இல்லாமல், என் கைக்கு வந்த அழகான எழுத்தில் எழுதினேன். என்னால் கொடுக்கக்கூடியது அது ஒன்றுதான் என்று நினைத்தேன். மனதில் ஒரு நிம்மதிகூட வந்தது.

அவள் வந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு அப்படியே இருந்தது. நாற்காலி போட்டேன். வாசித்துக் காட்டினேன்.

"அன்புள்ள மனைவிக்கு, நான் நலமாக இருக்கிறேன். மழை பெய்யும்போது எழும் ஓசை நமது இல்லத்தை நினைவூட்டுகிறது. குழந்தை நடக்கின்றாளா? நானும் மீண்டும் நடப்பதற்குப் பயின்று வருகிறேன்…"

தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, முன்பு அந்தக் கடிதத்தில் எப்படி இருந்தது என்று ஒவ்வொரு வரியாக, மெல்லிய குரலில், புருஷனின் பேச்சிலேயே சொன்னாள். ஒன்றையும் மறந்திருக்கவில்லை. அந்தப் பேச்சு என் கையிலிருந்த கடதாசியில் ஒரு வரியில்கூட இல்லை.

"நல்லா எழுதியிருக்கீங்க ஐயா, எங்களுக்காக எவ்வளவு செரமப்பட்டிருக்கீங்க" என்றாள். "ஆனா இது அவரு பேச்சு இல்லீங்க."

பத்து வருஷத்துக்கு முன்னால் பெரியவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தது இந்தப் பதிலுக்காகத்தான். செல்லாயி கடதாசியை மடிப்பு கலையாமல் என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது, மகள் கீழே நிற்கிறாள் என்று சொல்லி எழுந்தாள்.